கிரிக்கெட்டும் பேஸ்பாலும் எங்கே பிறந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விளையாட்டு வினாடி வினா நடத்துகிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து கேட்கப்படும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஆட்டங்கள் எங்கிருந்து வந்தன, யார் உண்டாக்கினார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் துணுக்குகள் இந்தக் குழப்பத்தை இன்னும் பெரிதாக்கியிருக்கின்றன. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு இடத்தில் சொன்னதை இன்னொரு இடத்தில் மறுபடி சொல்லவில்லை. எந்தக் கேள்வியில் இருக்கிறது என்று குறித்திருக்கிறேன்.

1. கிரிக்கெட்டைக் கண்டுபிடிச்சது யார் சார்? ஒரு பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.

அப்படி ஒரு பெயர் இல்லை. இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட், சசெக்ஸ், சர்ரே மாவட்டங்களின் கிராமங்களில் சிறுவர்கள் ஆடிய ஆட்டமாக அது வளர்ந்தது என்பதுதான் இன்றைக்கு இருக்கும் ஆதாரங்கள் காட்டும் வழி. காடும் ஆட்டு மந்தைகளும் நிறைந்த பகுதி அது. 1500-களின் நடுவில் அங்கே சிறுவர்கள் ஆடினார்கள் என்பது உறுதி. 1600-களின் தொடக்கத்தில் பெரியவர்களும் ஆடியதற்குச் சான்று வருகிறது. 1700-களில் பிரபுக்களும் பந்தயப் பணமும் உள்ளே வந்தபோது ஆட்டம் லண்டன் வரை வந்து, 1744-இல் விதிகள் எழுதப்பட்டன.

2. அப்போ முதல் ஆதாரம் எது? எந்த வருஷம்?

சர்ரே மாவட்டத்தின் கில்ட்ஃபோர்ட் ஊரில் நடந்த ஒரு நில வழக்கு. ஊருக்குப் பொதுவான ஒரு துண்டு நிலத்தை ஒருவர் வேலி போட்டு மரக்கிடங்கு ஆக்கிக்கொண்டார். அது பொது நிலம்தான் என்று சாட்சி சொல்ல வந்தவர் ஜான் டெரிக். வயது 59, மாவட்டத்தின் மரண விசாரணை அதிகாரி. கில்ட்ஃபோர்ட் பள்ளியில் படித்த காலத்தில் தானும் நண்பர்களும் அந்த இடத்தில் ஓடி ஆடியதாகவும், ஆடியவற்றில் கிரிக்கெட் ஒன்று என்றும் அவர் சத்தியம் செய்து சொன்னார்.

டெரிக் சாட்சி சொன்னது 1500-களின் கடைசியில். அவருடைய பள்ளிப் பருவம் என்றால் சுமார் 1550. கிரிக்கெட் என்று ஐயமில்லாமல் சொல்லக்கூடிய மிகப் பழைய எழுத்துச் சான்று இதுதான். அவர் அந்தப் பெயரை விளக்கிச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நீதிமன்றத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்த ஆட்டம். அப்படியென்றால் அதன் வயது 1550-ஐவிட இன்னும் கூடுதல்தான்.

3. ஒரு புத்தகத்துல 1597, இன்னொண்ணுல 1598னு போட்டிருக்கே. எது சரி?

இரண்டும் சரி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-ஆம் தேதி. வழக்கு நடந்தது ஜனவரியில். எழுதியவரின் கணக்கில் இன்னும் 1597 முடியவில்லை, நம் கணக்கில் 1598 பிறந்துவிட்டது. தேர்வில் எழுதுவதானால் ‘1598 (பழைய கணக்கில் 1597)’ என்று எழுதுங்கள்.

4. கோர்ட்லதான் ஆதாரம் கிடைக்குதா? ஆட்டத்தைப் பத்தி யாருமே எழுதி வைக்கலையா?

நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தில் வரும் மற்ற எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை இதுதான். மாடு மேய்க்கும் பையன்களும் பண்ணை ஆட்களும் ஆடுவதை மெனக்கெட்டு எழுதி வைக்க அன்று யாருக்கும் தேவை இருக்கவில்லை. வம்பு வந்தால்தான் ஆட்டம் எழுத்தில் ஏறும்.

1611-இல் சசெக்ஸின் சிடில்ஷாம் ஊரில் இரண்டு பேர் ஈஸ்டர் ஞாயிறு அன்று தேவாலயத்துக்குப் போகாமல் கிரிக்கெட் ஆடினார்கள். அபராதம் விழுந்தது. அதனால் நமக்கு அவர்களைத் தெரியும். 1624-இல் அதே சசெக்ஸின் ஹார்ஸ்டட் கீன்ஸ் ஊரில் ஜாஸ்பர் வினால் என்பவர் இறந்தார். எட்வர்ட் டை என்பவர் பந்தை உயரத் தூக்கி அடித்தார். அது இறங்கும்போது பிடிபடாமல் இருக்க மறுபடியும் மட்டையை வீசினார். பிடிக்க ஓடி வந்த வினாலின் தலையில் மட்டை பட்டது. மரண விசாரணைப் பதிவு நமக்கு ஆட்டத்தையே காட்டுகிறது: மட்டை இருந்தது, பந்தைப் பிடித்தால் ஆட்டமிழப்பு. ஒரே பந்தை இரண்டு முறை அடிக்கக் கூடாது என்ற தடை 1744 விதிகளில் ஏன் இருக்கிறது என்பதும் இதைப் படித்தால் விளங்கும்.

இந்தக் காரணத்தால்தான் ‘முதல் ஆதாரம் கிடைத்த ஆண்டு’ என்பதை ‘பிறந்த ஆண்டு’ என்று நான் சொல்வதில்லை. ஆட்டம் நிம்மதியாக நடந்த காலம் முழுவதும் ஏடுகளில் வெற்றிடமாகவே இருக்கும்.

5. 1300-லேயே இங்கிலாந்து இளவரசர் கிரிக்கெட் ஆடினார்னு படிச்சேனே?

மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைச் செலவுக் கணக்கில், 1300-ஆம் ஆண்டு, இளவரசர் எட்வர்ட் ‘கிரீக்’ என்ற ஒன்றையும் மற்ற ஆட்டங்களையும் ஆடப் பணம் கொடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. இளவரசருக்கு அப்போது 15 வயது. குறிப்பில் வரும் இடங்களில் ஒன்று கென்ட்டின் நியூவெண்டன். கிரிக்கெட் வளர்ந்த பகுதியேதான். அதனால் ஆசை வருவது இயல்பு.

ஆனால் மட்டை, பந்து, விக்கெட் எதுவும் அந்தக் குறிப்பில் இல்லை. ஒரு சொல்லின் ஓசையும் ஓர் ஊரின் பெயரும் மட்டுமே இருக்கின்றன. அதற்கும் டெரிக்கின் சாட்சியத்துக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு மௌனம். இதைக் கிரிக்கெட் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம் என்பேன்.

6. கிரிக்கெட் பிரெஞ்சுக்காரங்க ஆட்டம்னு ஒருத்தர், பெல்ஜியத்துல இருந்து வந்ததுன்னு ஒருத்தர். யார் சொல்றது சரி?

பிரெஞ்சுக் கட்சியின் ஆதாரம் 1478-ஆம் ஆண்டுக்குரியது. வட பிரான்சின் லியெட்ரே ஊரில் நடந்த ஒரு தகராறு பற்றிய மனுவில், ‘கிரிக்கே’ என்ற ஒன்றின் பக்கத்தில் ஆட்கள் பந்து உருட்டி ஆடினார்கள் என்று வருகிறது. (இங்கேயும் வம்புதான் எழுத்தில் ஏற்றியது.) அந்தச் சொல் அங்கே நட்டு வைத்த ஒரு கம்பத்தைக் குறிக்கிறதாகவே வாசிக்க முடிகிறது. உருட்டுவதற்குப் பந்து இருக்கிறது, இலக்குக்குக் கம்பம் இருக்கிறது, மட்டை இல்லை.

ஃபிளாண்டர்ஸ் கட்சிக்கு இன்னும் கொஞ்சம் வலு உண்டு. இன்றைய பெல்ஜியத்தின் அந்தப் பகுதியிலிருந்து நெசவாளர்கள் கென்ட், சசெக்ஸ் பக்கம் வந்து குடியேறியது வரலாறு. 2009-இல் ஹைனர் கில்மைஸ்டர் என்ற ஜெர்மன் மொழியியல் அறிஞரும் பால் கேம்ப்பெல் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரும் 1533-ஐச் சேர்ந்த ஓர் ஆங்கிலப் பாடலை முன்வைத்தார்கள். ஜான் ஸ்கெல்டன் எழுதியதாகக் கருதப்படும் அந்தப் பாடல், குடியேறியவர்களைக் ‘கிரிக்கெட்டின் அரசர்கள்’ என்று அழைப்பதாக அவர்கள் வாசித்தார்கள். ஆனால் ஸ்கெல்டன் 1529-லேயே இறந்துவிட்டார். யார் எழுதியது என்பதே சந்தேகம், பாடலில் ஆட்டத்தின் வர்ணனையும் கிடையாது.

என் கணிப்பு: பெயரும், வளைந்த கோலால் பந்தை அடிக்கும் பழக்கமும் ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. விக்கெட்டைக் காக்கிறவர், அதைச் சாய்க்கப் பார்க்கிறவர் என்று இன்று நாம் அறிந்த ஆட்டம் உருவானது இங்கிலாந்தில்தான்.

7. நம்ம கிட்டிப்புள்ளைப் பார்த்துத்தானே வெள்ளைக்காரன் கிரிக்கெட்டை உண்டாக்கினான்?

எங்கே போனாலும் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. கேட்கிறவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. கிட்டிப்புள்ளை நானும் நேசிக்கிறேன். ஆனால் காலக்கணக்கு இடம் கொடுக்கவில்லை. டெரிக் கில்ட்ஃபோர்டில் ஆடியது சுமார் 1550. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600-இல், அதன் கப்பல் சூரத்துக்கு வந்தது 1608-இல். கம்பெனிக்காரர் இங்கே வந்து பார்ப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அவர்கள் ஊர்ப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்திய மண்ணில் கிரிக்கெட் ஆடியதாக நமக்குக் கிடைக்கும் முதல் குறிப்பு 1721. குஜராத்தின் காம்பே கடற்கரையில் ஆங்கிலேய மாலுமிகள் பொழுதுபோக்குக்காக ஆடியது அது.

அடுத்தது ஆட்டத்தின் அமைப்பு. கிட்டிப்புள்ளில் பந்தே கிடையாது. இரண்டு முனையும் சீவிய சிறு கட்டையைத் தட்டி எழுப்பி அடிக்கிறோம். இதே ஆட்டம் இங்கிலாந்தில் ‘டிப்கேட்’ என்றும் இத்தாலியில் ‘லிப்பா’ என்றும் உண்டு. கையில் ஒரு கோலும் தரையில் ஒரு குச்சியும் கிடைத்தால் எந்த நாட்டுப் பையனும் இதைச் செய்துவிடுவான். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போயிருக்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இலங்கை நண்பர்கள் எல்லே ஆட்டத்தைப் பற்றி இதே கேள்வியைக் கேட்பார்கள். தமிழ்ப் பள்ளிகளிலும் ஆடப்படும் நல்ல ஆட்டம். ஓடிச் சுற்றி வரும் முறை பேஸ்பாலை நினைவூட்டும். ஒத்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து யாருக்கு யார் மூதாதை என்று சொல்ல முடியாது, எந்தப் பக்கத்துக்கும்.

8. மகாபாரதத்துலயும் சங்கப் பாட்டுலயும் பந்து இருக்கே, அது கணக்குல வராதா?

பந்து இருக்கிறது, மட்டை இல்லை. சங்கப் பாடல்களில் பெண்கள் ஆடும் பந்தும், குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி ஆடும் பந்தும் கையால் அடிப்பவை. பாரதத்தில் சிறுவர்கள் ஆடும்போது கிணற்றில் விழுந்ததைத் துரோணர் புல்லால் எடுத்துக் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். விழுந்தது பந்து என்றும், கிட்டிப்புள்ளின் புள் போன்ற மரத்துண்டு என்றும் இரண்டு விதமாக உரை சொல்கிறார்கள். நம் ஆட்டங்கள் பழமையானவை என்பதற்கு இவை அருமையான சான்றுகள். கிரிக்கெட்டின் பிறப்புக்குச் சான்று அல்ல.

9. ஹாம்பிள்டன்தான் கிரிக்கெட்டோட தொட்டில்னு பாடத்துல இருக்கே?

ஹாம்ப்ஷயரில் உள்ள அந்தக் கிராமத்தின் சங்கம் 1760-களில் எழுந்தது. டெரிக்கின் பள்ளிப் பருவத்துக்கு இருநூறு ஆண்டு பிந்தியது. பிறந்த இடம் என்று சொன்னால் தவறு. ஆனால் ஆட்டத்தின் நுட்பம் முதிர்ந்த இடம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். 1787-இல் லண்டனில் எம்.சி.சி. (மேரிலபோன் கிரிக்கெட் சங்கம்) தோன்றும் வரை மட்டையடியிலும் பந்துவீச்சிலும் ஹாம்பிள்டன் ஆட்களின் செல்வாக்கு பெரிது.

மூன்றாவது ஸ்டம்ப் வந்த கதையிலும் அவர்கள் இருக்கிறார்கள். 1744 விதிகளின்படி இரண்டே ஸ்டம்ப், மேலே ஒரு பெயில். 1775-இல் லண்டனின் ஆர்ட்டிலரி மைதானத்தில் கென்ட் ஐவரும் ஹாம்பிள்டன் ஐவரும் மோதினார்கள். லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து மூன்று முறை ஜான் ஸ்மாலைத் தாண்டி இரண்டு ஸ்டம்புகளுக்கு நடுவே புகுந்து போனது. விக்கெட் சாயாததால் ஸ்மால் ஆட்டமிழக்கவில்லை, ஹாம்பிள்டன் வென்றது. இது அநியாயம் என்ற பேச்சு எழுந்து, நடு ஸ்டம்ப் நடப்பட்டது. ஆட்டம் எப்படி வளர்கிறது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

10. சரி, பேஸ்பாலுக்காவது ஒரு பேர் இருக்குல்ல? அப்னர் டபுள்டேன்னு படிச்சிருக்கோம்.

அந்தப் பெயரை அழித்துவிடுங்கள். 1839-இல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் ஊரில் டபுள்டே என்ற இளைஞர் பேஸ்பாலை உருவாக்கினார் என்பது கதை. 1839-இல் டபுள்டே வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். அவர் பிற்பாடு அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெயர் பெற்ற தளபதி ஆனார். 1861-இல் சம்டர் கோட்டையிலிருந்து வடக்குத் தரப்பின் முதல் பீரங்கிக் குண்டைச் சுட்டவர் அவர். நிறைய எழுதியும் வைத்தார். 1893-இல் சாகும் வரை, பேஸ்பாலை நான் உண்டாக்கினேன் என்று எங்குமே சொல்லவில்லை. அந்தப் பெருமை அவர் இறந்து பல ஆண்டு கழித்து அவர் தலையில் ஏற்றப்பட்டது.

11. அப்போ பெரிய குழு போட்டு விசாரிச்சுத்தான் முடிவு பண்ணாங்களாமே, எப்படித் தப்பாச்சு?

விசாரணைக்கு முன்பே வேண்டிய தீர்ப்பு மனதில் இருந்ததால். 1903-இல் ஹென்றி சாட்விக் என்ற மூத்த பத்திரிகையாளர், பேஸ்பால் ‘ரவுண்டர்ஸ்’ என்ற ஆங்கிலேய ஆட்டத்திலிருந்து வந்தது என்று எழுதினார். அவரே இங்கிலாந்தில் பிறந்தவர். இதை அவருடைய நண்பர் ஆல்பர்ட் ஸ்பால்டிங்கால் தாங்க முடியவில்லை. ஸ்பால்டிங் முன்னாள் ஆட்டக்காரர், விளையாட்டுப் பொருள் விற்கும் பெரிய தொழிலதிபர். பேஸ்பாலை உலகுக்குக் காட்ட 1888-89-இல் அணிகளைக் கூட்டிக்கொண்டு உலகம் சுற்றினார். அந்தப் பயணத்தில் கொழும்பிலும் ஒரு ஆட்டம் நடந்தது. திரும்பி வந்ததும் நியூயார்க்கில் நடந்த விருந்தில், பேஸ்பால் அமெரிக்க மண்ணில் பிறந்தது என்று பேஸ்பால் லீக்கின் முன்னாள் தலைவர் ஆபிரகாம் மில்ஸ் பேசியபோது ‘ரவுண்டர்ஸ் இல்லை!’ என்று கூட்டம் கோஷம் போட்டது. அதே மில்ஸ் 1905-இல் ஸ்பால்டிங் அமைத்த குழுவின் தலைவர்.

குழு தன் வேலையைத் தொடங்கியபோது, டென்வரிலிருந்து அப்னர் கிரேவ்ஸ் என்ற முதிய சுரங்கப் பொறியாளர் ஒரு கடிதம் எழுதினார். சின்ன வயதில் கூப்பர்ஸ்டவுனில் டபுள்டே ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தேன் என்பது அதன் சாரம். 1839-இல் கிரேவ்ஸுக்கு வயது 5. அறுபது ஆண்டுக்கு மேல் கடந்த நினைவு, துணைக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. 1907 டிசம்பர் கடைசியில் மில்ஸ் டபுள்டேயின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

இதில் என்னை உறுத்துவது இதுதான்: மில்ஸும் டபுள்டேயும் நெடுநாள் நண்பர்கள். நண்பர் தன்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத சாதனையை, முன்பின் தெரியாத ஒருவரின் கடிதத்தை நம்பி அவருக்குச் சூட்டினார். 1926-இல், கூப்பர்ஸ்டவுனில் பிறந்ததற்கு என்ன சான்று என்று கேட்டபோது, எதுவும் இல்லை என்று மில்ஸே ஒத்துக்கொண்டார்.

12. பொய்னு தெரிஞ்சும் கூப்பர்ஸ்டவுன்ல அருங்காட்சியகம் ஏன் இருக்கு?

நூற்றாண்டு விழா என்ற கணக்கில் 1939-இல் திறந்துவிட்டார்கள். இன்று அது மிக நல்ல அருங்காட்சியகம். பிறப்புக் கதை பொய்த்தாலும் உள்ளே இருக்கும் பொருள்கள் பொய்யில்லை. அதன் புகழ் மண்டபத்தில் ஸ்பால்டிங் இருக்கிறார், சாட்விக் இருக்கிறார். டபுள்டே இல்லை.

13. அப்படின்னா சாட்விக் சொன்ன ரவுண்டர்ஸ்தான் சரி?

நாடு சரி, ஆட்டம் சரியில்லை. ரவுண்டர்ஸ் என்ற பெயர் அச்சில் வருவது 1828-இல். பேஸ்பால் என்ற பெயர் அதைவிடப் பழையது, அதுவும் இங்கிலாந்திலேயே. 1744-இல் ஜான் நியூபெரி லண்டனில் வெளியிட்ட சிறுவர் புத்தகத்தில் படத்தோடு ஒரு பேஸ்பால் பாட்டு இருக்கிறது. 1749-இல் வேல்ஸ் இளவரசர் ஃபிரெடரிக் சர்ரேயின் வால்டன் ஊரில் பேஸ்பால் ஆடியதாக லண்டன் பத்திரிகை எழுதியது. (கிரிக்கெட் பந்து பட்டு இறந்தார் என்று சொல்லப்படும் இளவரசர் இவர்தான். அந்தக் கதைக்கும் உறுதியான ஆதாரம் இல்லை.) 1755-இல் வில்லியம் பிரே என்ற இளைஞர், ஈஸ்டர் திங்களன்று ஆண்களும் பெண்களுமாகப் பேஸ்பால் ஆடியதைத் தன் நாட்குறிப்பில் எழுதினார். ஊர்? கில்ட்ஃபோர்ட். 2-ஆம் கேள்வியில் வந்த அதே ஊர்.

1796-இல் ஜெர்மன் ஆசிரியர் குட்ஸ்மூட்ஸ் தன் விளையாட்டு நூலில் ‘ஆங்கிலேய பேஸ்பால்’ என்று தலைப்புப் போட்டு விதிகளையே விவரித்தார். டேவிட் பிளாக் என்ற ஆய்வாளர் 2005-இல் இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திக் காட்டிய பிறகு, ரவுண்டர்ஸைத் தாய் என்று சொல்வது கடினமாகிவிட்டது. பழைய ஆங்கிலேய பேஸ்பாலுக்குப் பின்னாளில் சில ஊர்களில் வழங்கிய பெயர் அது என்று கொள்வதே பொருத்தம்.

14. டபுள்டே இல்லைன்னா அலெக்ஸாண்டர் கார்ட்ரைட்தான் உண்மையான தந்தைன்னு சொல்றாங்களே?

தந்தை இல்லாமல் இருக்க முடியாது என்று நினைப்பதால் வரும் பிரச்சினை. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் 1845-இல் விதிகளை எழுதி வைத்தது உண்மை. கார்ட்ரைட் அதில் ஓர் உறுப்பினர். ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்யக் கூடாது, குறிப்பிட்ட கோடுகளுக்கு வெளியே போனால் செல்லாத பந்து என்பவை அந்த விதிகளின் பெரிய பங்களிப்பு.

ஆனால் புகழ் மண்டபப் பட்டயம் கார்ட்ரைட்டுக்குக் கொடுக்கும் மூன்று பெருமைகள், அதாவது ஓடித் தொடும் இடங்களுக்கு (பேஸ்) நடுவே 90 அடி இடைவெளி, 9 இன்னிங்ஸ், 9 ஆட்டக்காரர் ஆகியவை 1845 விதிகளிலேயே இல்லை. அப்போது 21 ரன் எடுத்த அணிக்கு வெற்றி. அந்த மூன்றும் 1857-இல் பல சங்கங்கள் கூடிய மாநாட்டில் முடிவானவை. கார்ட்ரைட் 1849-லேயே நியூயார்க்கை விட்டுக் கிளம்பி ஹவாயில் குடியேறிவிட்டார். 1857 மாநாட்டை நடத்தியவர் மருத்துவர் டேனியல் ஆடம்ஸ். அவர் பெயரை நம் பிள்ளைகள் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

இன்னொன்று. 1791-லேயே மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்ட் ஊர், புதிய கூட்ட மண்டபத்தின் ஜன்னல் கண்ணாடிகளைக் காப்பாற்ற, 80 கெஜத்துக்குள் கிரிக்கெட், பேஸ்பால் உள்ளிட்ட பந்தாட்டங்களை ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. 4-ஆம் கேள்வியில் சொன்னது அமெரிக்காவுக்கும் பொருந்துகிறது. டபுள்டே பிறக்கும் முன்பே அங்கே பையன்கள் கண்ணாடி உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

15. பேஸ்பால் கிரிக்கெட்டோட பிள்ளையா, தம்பியா?

ஒரே ஊரில் வளர்ந்த பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட்டிலிருந்து பேஸ்பால் கிளைத்தது என்பதற்குச் சான்று இல்லை. 1700-களின் சர்ரேயில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், தனித்தனிப் பெயரோடு ஆடப்பட்டன. கிரிக்கெட்டின் அடிப்படை, பின்னால் இருக்கும் இலக்கைக் காப்பது. பேஸ்பாலின் அடிப்படை, அடித்துவிட்டு இடங்களைச் சுற்றி வருவது.

இரண்டுக்கும் மூத்த உறவு என்று சிலர் ‘ஸ்டூல்பால்’ ஆட்டத்தைக் காட்டுவார்கள். ஒரு முக்காலியை நோக்கிப் பந்தை எறிய, முன்னால் நிற்பவர் தடுப்பார். சசெக்ஸில் இன்றும் ஆடுகிறார்கள். 1621 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் பிளிமத் குடியிருப்பில் வேலை செய்யாமல் இதை ஆடியவர்களை ஆளுநர் பிராட்ஃபோர்ட் கண்டித்ததாக அவரே எழுதியிருக்கிறார். மூதாதை என்பதற்குத் தகுதியான ஆட்டம்தான். பட்டயம் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது.

16. முதல் சர்வதேச கிரிக்கெட் இங்கிலாந்து–ஆஸ்திரேலியாதானே?

1877-இல் மெல்போர்னில் நடந்தது முதல் டெஸ்ட். முதல் சர்வதேசப் போட்டி 1844 செப்டம்பரில் நியூயார்க்கில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும். கனடா 23 ரன் வித்தியாசத்தில் வென்றது. நிக்கர்பாக்கர் விதிகள் எழுதப்படுவதற்கு முந்தைய ஆண்டு, அதே நகரம்.

17. கனடாக்காரங்க பேஸ்பால் எங்களோடதுன்னு சொல்றாங்களாமே?

ஆன்டாரியோவின் பீச்வில் ஊரில் 1838 ஜூன் 4 அன்று நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி ஆடம் ஃபோர்ட் என்ற மருத்துவர் 1886-இல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கிரேவ்ஸின் கடிதத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆட்டக்காரர் பெயர், களத்தின் வரைபடம் எல்லாம் கொடுத்திருக்கிறார். ஆனாலும் ஏழு வயதில் பார்த்ததை 48 ஆண்டு கழித்து எழுதியது. கிரேவ்ஸுக்கு வைத்த தராசை ஃபோர்டுக்கும் வைக்க வேண்டும். அவர் சொன்னது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், பிட்ஸ்ஃபீல்டுக்கும் கில்ட்ஃபோர்டுக்கும் பிந்தியதுதான்.

18. ஒரே ஆள் உட்கார்ந்து யோசிச்சு உண்டாக்கின மட்டைப்பந்து ஆட்டம் ஒண்ணுகூட இல்லையா?

இருக்கிறது. பின்லாந்தின் ‘பேசாபல்லோ’. லௌரி பிஹ்கலா 1920-களில் அமெரிக்க பேஸ்பாலையும் தம் நாட்டுப் பழைய பந்தாட்டங்களையும் சேர்த்துத் திட்டமிட்டு வடிவமைத்தார். பந்து வீசுகிறவர், அடிக்கிறவரின் பக்கத்தில் நின்று செங்குத்தாக மேலே எறிவார். சாஃப்ட்பாலுக்கும் ஏறக்குறைய பிறந்தநாள் உண்டு. 1887-இல் சிகாகோவின் ஒரு படகுச் சங்கக் கட்டிடத்துக்குள், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி ஜார்ஜ் ஹான்காக் ஆரம்பித்தார்.

கவனித்துப் பாருங்கள், இரண்டுமே பத்திரிகையும் சங்கங்களும் பெருகிய காலத்தில் தோன்றியவை. அதோடு இரண்டுக்கும் முன்னால் பேஸ்பால் இருந்தது. ஏற்கெனவே இருந்ததை மாற்றியவருக்குப் பெயர் கிடைக்கிறது. முதலில் ஆடிய பையன்களுக்குக் கிடைப்பதில்லை.

19. வினாடி வினாவுல “கண்டுபிடித்தவர் யார்”னு கேட்டா நாங்க என்னதான் எழுதறது?

கேள்வியே தவறு என்று நடத்துகிறவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். என் நிகழ்ச்சிகளில் நான் அப்படிக் கேட்பதில்லை. ‘கிரிக்கெட்டின் முதல் உறுதியான எழுத்துச் சான்று எந்த ஊர்?’, ‘பேஸ்பால் விதிகளை 1845-இல் எழுதிய சங்கம் எது?’ என்று கேட்பேன். விடை உள்ள கேள்விகள் இவை. அச்சிட்ட விடைத்தாளில் டபுள்டே என்று இருந்தால், மதிப்பெண் போனாலும் பரவாயில்லை, 10-ஆம் கேள்வியின் பதிலைக் காட்டி வாதாடுங்கள்.

20. நாளைக்குப் புதுசா ஏதாவது ஏடு கிடைச்சா இதெல்லாம் மாறிடுமா?

மாறும். பிட்ஸ்ஃபீல்ட் சட்டம் 2004-இல்தான் கண்ணில் பட்டது. பிரேயின் நாட்குறிப்புச் செய்தி 2008-இல் வெளியானது. இளவரசர் ஃபிரெடரிக் பேஸ்பால் ஆடிய செய்தி 2013-இல். பழைய பத்திரிகைகளைக் கணினியில் தேட முடிவதால் பேஸ்பாலின் தேதி இன்னும் முன்னே நகரலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது இங்கிலாந்தை விட்டு வெளியே போகும் என்று தோன்றவில்லை.

கிரிக்கெட்டின் கதை வேறு. 1550-க்கு முந்தைய ஓர் ஏட்டில் மட்டை, பந்து, விக்கெட் மூன்றும் சேர்ந்து வர வேண்டும். அது ஃபிளாண்டர்ஸில் கிடைத்தால் 6-ஆம் கேள்வியின் பதிலை நான் முழுக்கத் திருத்தி எழுதுவேன். கென்ட்டில் கிடைத்தால் இளவரசரின் ‘கிரீக்’கையும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். தேடப் போகிறவர்களுக்கு என் யோசனை: அரண்மனைக் கணக்குகளையும் கவிதைகளையும் எல்லோரும் புரட்டிவிட்டார்கள். கென்ட், சசெக்ஸ் கிராமத் தேவாலயங்களின் அபராதப் பதிவேடுகளிலிருந்து தொடங்குங்கள்.